பத்து பி-யின் மூன்று டெஸ்க்குகள்

நாலேகால் மணி அடித்ததும்
ஒச்சாதேவி முன்பக்கம் பிடிப்பாள், நான் பின்பக்கம்.
எங்கள் வகுப்பில் ஆட்டமில்லாத டெஸ்க்குகள் மூன்றுதான்.
நான்காவதற்குக் கால் நொண்டி.
அதைத் தாண்டினால் அதுவும் கூடவே தாண்டும் என்பாள்.

வாட்ச்மேனின் ஆடுகளை ஓரங்கட்டிவிட்டு
இடைவெளி அளப்போம்:
ஒன்றரைச் சேலை, கூட ஒரு சாண்.
சேலை ஜெபமணி டீச்சருடையது, முந்தியில் காப்பிக்கறை.
மூன்று பள்ளிக்கூடத்துக்கும் அவர் ஒருவர்தான் பி.டி. டீச்சர்.
எழுமலைக்குச் செவ்வாயும் வெள்ளியும்.
வெள்ளிக்கிழமை பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவார்,
திருப்பித் தந்ததாக நினைவில்லை.

டெஸ்க் இரண்டரை அடி. தடையும் இரண்டரை அடி.
விதிப்புத்தகத்தைப் பார்த்து டீச்சர் சிரித்தார்,
கவர்மெண்டே நமக்குச் செஞ்சு வச்சிருக்கு என்று.

முதல் டெஸ்க்கில் அம்பு தைத்த இதயம்,
இரண்டாவதில் பாதி அழிந்த ஏழாம் வாய்ப்பாடு,
மூன்றாவதில் 'சார் ஒழிக'. எந்த சார் என்று இல்லை.
அதில்தான் ஆகஸ்டில் அவள் முழங்கால் பட்டது.
டெஸ்க் அசையவில்லை.
உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் ஏழு தையல்.
சிலாம்பு எடுத்த நர்ஸ்
யாரு பாப்பா அடிச்சது என்று
மூன்று தடவை கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் தாண்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.
மரத்துக்கும் காலுக்கும் நடுவே
ஒரு தூக்குச்சட்டியை வைத்து எடுக்கலாம்.
நாங்கள் கைதட்டினோம்.
உயரம் என்றால் நல்லதுதானே.

நவம்பர். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம்.
செங்கல் நிற ரப்பர் தரையைக்
குனிந்து தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள், சூடு.
ஆறாவது லேன். இரவல் ஸ்பைக்ஸ் ஒரு சைஸ் பெரிது,
பெருவிரலுக்கு முன்னால் பஞ்சு.
பத்துத் தடைகள்.
பத்தையும் தொடாமல் தாண்டினாள்.
மற்றவர்கள் மேலே போகவேயில்லை,
உரசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் முன்னால் போனார்கள்.
அவள் காற்றில் இருந்தபோதெல்லாம்
பந்தயம் தரையில் நடந்துகொண்டிருந்தது.
ஐந்தாம் இடம்.

நான் நடுவரிடம் போனேன்.
"சார், அஞ்சாம் லேன் மூணு தடையத் தட்டி விட்டுருச்சு.
அதுக்குப் போயி ஃபர்ஸ்ட்டா?"
அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"தட்டலாம்மா. கைய வச்சுத் தள்ளக் கூடாது, அம்புட்டுத்தான்.
விழுகிறதுக்குத்தானே அதச் செஞ்சிருக்கு."

ஒச்சாதேவி என் பின்னால் நின்றிருந்தாள்.

அடுக்கப் போகிற தடை ஒன்றின் முன்னால் போய்
ஒற்றை விரலால் தள்ளினாள்.
சாய்ந்தது, யோசித்தது, விழுந்தது.
நிமிர்த்தினாள். மறுபடி தள்ளினாள்.
அடுக்கிக்கொண்டிருந்த பையன் ஏதோ கத்தினான்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி
செக்கானூரணி தாண்டும்வரை பேச்சில்லை.
டீச்சர் வாங்கித் தந்த முறுக்கு மடியிலேயே இருந்தது.
பிறகு ஜன்னலைப் பார்த்து,
"விழுமாம்டி" என்றாள்.
கருமாத்தூரில் இன்னொரு தடவை,
"விழுமாம்."
உசிலம்பட்டி இறங்கும்போது முறுக்கு தீர்ந்திருந்தது,
என் பங்கும்.

திங்கட்கிழமை டெஸ்க்குகள் வகுப்பிலேயே இருந்தன.
இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி
சத்துணவுக் கூடத்துச் சவுக்குக் கம்பைக் குறுக்கே வைத்தோம்.
முதல் ஓட்டத்தில் வேண்டுமென்றே தட்டினாள்.
இரண்டாவதிலும். சிரித்துக்கொண்டே,
தையல் போட்ட காலாலேயே.
பதினோரு தடவை.
பதினோரு தடவையும் கம்பை எடுத்து வைத்தது நான்.

பன்னிரண்டாவதில் கம்பு நடுங்கிய சத்தம் கேட்டது.
எடுத்து வைக்கக் குனிந்தேன்.
அது அங்கேயே இருந்தது.
அவள் கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போயிருந்தாள்.

பிறகு வாட்ச்மேனின் ஆடு வந்து
அதைத் தட்டிவிட்டது.